மைதான விளக்கு மாறுகிறதா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் பேஸ்பால் மைதானத்தில் பழைய விளக்குகளை இறக்கிவிட்டு எல்.இ.டி. விளக்குகள் போடப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே படிக்கலாம், விளையாடலாம். உங்கள் வீடு மைதானத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கலாம். அல்லது டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கப் போகிறவராக மட்டும் நீங்கள் இருக்கலாம். எப்படி இருந்தாலும் இந்த மாற்றத்தின் பலனும் தொல்லையும் உங்களை வந்து சேரும்.

இத்தகைய திட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டே செய்திகள் சொல்லப்படும். வெளிச்சம் கூடும், மின்கட்டணம் குறையும். இரண்டும் உண்மைதான். ஆனால் ஆட்டக்காரரின் பாதுகாப்பும், பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும், கல்லூரியின் பணமும் வெளிச்சத்தின் அளவைவிட அது எங்கே போய் விழுகிறது என்பதையே சார்ந்திருக்கின்றன. அதை ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம். மின்பொறியியல் எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

கல்லூரி ஆட்டத்துக்கு இரவு விளக்கு எதற்கு?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்). அதன் முதல் பிரிவுக் கல்லூரிகளின் பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் நடக்கும் இறுதிச் சுற்றோடு முடிகிறது. பிப்ரவரியில் மாலை ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். பகலில் வகுப்பு. ஆகவே வெள்ளிக்கிழமை ஆட்டமும் வார நடுவில் வரும் ஆட்டமும் பெரும்பாலும் மாலையில்தான் வைக்க முடியும். விளக்கு இல்லாவிட்டால் ஆட்டக்காரர் வகுப்பை விட வேண்டும், பார்ப்பவர் வேலையை விட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பருவ இறுதியில் 64 அணிகள் 16 ஊர்களில், ஊருக்கு நான்காகக் கூடி ஆடும் சுற்று வரும். ஒரே மைதானத்தில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கும். கடைசி ஆட்டம் இரவில்தான் முடியும்.

சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2015-இல் இந்தச் சுற்றை நடத்தும் தகுதியைப் பெற்றது. ஆனால் அதன் சொந்த மைதானமான சீசர் உயேசாகா மைதானத்தில் அப்போது விளக்கு கிடையாது. அதனால் ஆட்டங்கள் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள லேக் எல்சினோர் நகரின் மைதானத்துக்குப் போயின. பிறகு விளக்கு வந்தது. 2024-இல் அதே சுற்று சொந்த மைதானத்திலேயே நடந்தது. வீட்டு வாசலில் நடக்க வேண்டிய ஆட்டம் வேறு ஊருக்குப் போவதால் மாணவருக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் என்ன இழப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே விளக்கு எரிகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

பல கல்லூரி மைதானங்களில் இன்றும் இருப்பவை மெட்டல் ஹாலைடு விளக்குகள் (கண்ணாடிக் குழாய்க்குள் பாதரச ஆவியும் உலோக உப்புகளும் சூடாகி ஒளிரும் வகை). ஒவ்வொரு பல்பும் பெரும்பாலும் 1,500 வாட். டியூப்லைட்டில் நாம் சோக் என்று சொல்லும் பாகம் இதிலும் பெரிய அளவில் உண்டு. அதற்குப் போகும் மின்சாரத்தையும் சேர்த்தால் ஒரு விளக்கு சுமார் 1,600 வாட் இழுக்கும்.

இவற்றின் முதல் குறை, அணையாமலே மங்கிப்போவது. இந்தப் பல்புகளின் ஆயுள் ஏறத்தாழ 3,000 மணி நேரம். ஆனால் அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே ஒளி குறையத் தொடங்கிவிடும். எல்லா விளக்கும் எரிகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். தரையில் அளந்து பார்த்தால் முதலில் கிடைத்த வெளிச்சத்தில் கணிசமான பங்கு காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது குறை, அணைந்தால் உடனே எரியாது. மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தாலும் பல்பு ஆறிய பிறகுதான் மீண்டும் பற்றும். அதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் வரை ஆகலாம். 2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பௌல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் மின்தடையால் 34 நிமிடம் நின்றுபோனது. மின்சாரம் திரும்பிய பிறகும் அந்த அரங்கின் விளக்குகள் முழு ஒளிக்கு வர நேரம் எடுத்தது அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு. இரண்டே ஆண்டுகளில், 2015-இல், அதே இறுதி ஆட்டம் முதன்முறையாக எல்.இ.டி. வெளிச்சத்தில் நடந்தது. எல்.இ.டி. விளக்கு பொத்தானை அழுத்தியதும் முழு ஒளி தரும்.

மூன்றாவது, பழைய விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். கிண்ணம் போன்ற பிரதிபலிப்பான் அதைத் திருப்பி அனுப்பினாலும் ஒரு பங்கு வானத்துக்கும் பக்கத்துத் தெருவுக்கும் போய்விடும். எல்.இ.டி.யில் ஒவ்வொரு சிறு ஒளிப்புள்ளிக்கும் தனி லென்ஸ் வைக்கலாம். ஒளியை வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பும் வசதி அதனால்தான் கிடைக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்துகிறார்களா என்பது வடிவமைப்பவரின் கையில் இருக்கிறது.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

வெளிச்சத்தை லக்ஸ் (ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் அலகு) என்று அளப்பார்கள். அமெரிக்காவில் பழக்கத்தில் இருப்பது ஃபுட் கேண்டில் (ஒரு சதுர அடிக்கான அதே அளவு). ஒரு ஃபுட் கேண்டில் ஏறக்குறைய 10.8 லக்ஸ். திட்ட ஆவணத்தில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் ஃபுட் கேண்டில்தான்.

வட அமெரிக்காவில் ஒளியமைப்புப் பொறியாளர்களின் சங்கமான ஐ.இ.எஸ். வெளியிடும் ஆர்.பி.-6 என்ற நெறிமுறை, பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து மைதானங்களைப் பிரிக்கிறது. 5,000 பேர் வரை அமரும் மைதானத்தின் இன்ஃபீல்டுக்கு (நான்கு பேஸ்களும் உள்ள உள்களம்) 100 ஃபுட் கேண்டில், அவுட்ஃபீல்டுக்கு (அதற்கு வெளியே உள்ள புல்வெளி) 70. அதைவிடப் பெரிய மைதானம் என்றால் 150, 100. சிறுவர் ஆட்டமான லிட்டில் லீக்கே 50, 30 கேட்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு என்.சி.ஏ.ஏ. தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது.

உள்களத்துக்கு ஏன் அதிகம்? பேஸ்பாலின் விட்டம் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிட்சர் (பந்தை எறிபவர்) நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் (அடிப்பவர்) நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து சுமார் 0.4 விநாடியில் பேட்டரை எட்டிவிடும். அடிபட்ட பந்து அதைவிட வேகமாகப் பிட்சரின் முகத்துக்கு நேரே திரும்பி வரவும் கூடும். கல்லூரி ஆட்டத்தில் உலோக மட்டையும் உண்டு. வெளிச்சக் குறைவு இங்கே உடலில் படும் காயம்.

இந்த எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அது முதல் நாள் அளவா, பராமரிப்பு அளவா (விளக்கு பழசான பிறகும் குறையாமல் கிடைக்கும் என்று உறுதி தரும் அளவு) என்று கேளுங்கள். முதல் நாள் 100 தருகிற விளக்கு பத்து ஆண்டு கழித்தும் 100 தரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. சராசரி ஏமாற்றும். ஓரிடத்தில் 150, இன்னோரிடத்தில் 50 இருந்தாலும் சராசரி 100 என்றே காகிதத்தில் வரும். ஆனால் வெளிச்சத் திட்டிலிருந்து நிழல் திட்டுக்குள் நுழையும் பந்து, ஆட்டக்காரர் கண்ணுக்கு வேகம் மாறியதுபோல் தெரியும். அவர் கை சற்றுத் தாமதமாகவோ முன்னதாகவோ நீளும்.

அதனால்தான் சமச்சீர் விகிதம் (மிக அதிக வெளிச்சமுள்ள புள்ளியை மிகக் குறைந்த புள்ளியால் வகுத்தால் வரும் எண்) என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்களத்தில் இது இரண்டைத் தாண்டக் கூடாது, வெளிக்களத்தில் இரண்டரையைத் தாண்டக் கூடாது என்று லிட்டில் லீக்கின் நெறிமுறையே சொல்கிறது. கல்லூரி மைதானம் அதைவிட மோசமாக இருக்க நியாயமே இல்லை.

இதை எப்படிச் சரிபார்ப்பது? மைதானத்தில் 30 அடிக்கு ஒன்று என்று புள்ளி குறித்து, ஒவ்வொன்றிலும் கருவி வைத்து அளப்பார்கள். உள்களத்தில் மட்டும் 25 புள்ளிகள் வரும். வேலை முடிந்த இரவே இந்த அளவீடு நடக்க வேண்டும். நீங்கள் கல்லூரிக் குழுவில் இருப்பவர் என்றால் அந்த இரவு மைதானத்தில் நில்லுங்கள். எண்களை ஒப்பந்தக்காரர் மட்டும் எழுதிக்கொண்டு போக விடாதீர்கள்.

கண் கூசினால் என்ன ஆகும்?

இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரி ஹைபீம் போட்டால் சாலையில் வெளிச்சம் கூடியும் உங்களுக்குச் சாலை தெரியாமல் போகிறதல்லவா? மைதானத்திலும் அதுவே நடக்கும். எல்.இ.டி.யின் ஒளிப்புள்ளிகள் மிகச் சிறியவை, மிகப் பிரகாசமானவை. நேரே கண்ணில் பட்டால் பழைய விளக்கைவிடக் கூச்சம் அதிகமாக இருக்கும்.

ஆகவே கம்பம் எங்கே நிற்கிறது, விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டும் முக்கியம். பெரிய மைதானத்தில் பெரும்பாலும் எட்டுக் கம்பங்கள் இருக்கும். அடிப்பவர் நிற்கும் மூலைக்குப் பின்னே இரண்டு, ஃபவுல் கோடுகளின் (ஆடுகளத்தின் இரு பக்க எல்லைக் கோடுகள்) ஓரமாக இரண்டிரண்டு, வெளிக்களத்தின் பின்னே இரண்டு என்ற விதமாக அமையும். உயரம் 70 அடியிலிருந்து 120 அடி வரை, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். விளக்கு உயரத்தில் இருந்தால் ஒளி செங்குத்தாக இறங்கும், கண்ணில் குறைவாகப் படும், பக்கத்து வீட்டுக்கும் குறைவாகப் போகும்.

பேட்டர் பிட்சரைப் பார்க்கும் திசையில் ஒரு விளக்கும் கூடாது. அந்தத் திசையில் மைய வெளிக்களத்துக்குப் பின்னே இருட்டான ஒரு பின்னணியை அமைத்திருப்பார்கள். வெள்ளைப் பந்து அதன் எதிரே தெளிவாகத் தெரியும். புதிய விளக்கோ மின்னும் ஸ்கோர் பலகையோ அந்த இடத்துக்குள் நுழையக் கூடாது. மூன்றாம் பேஸிலிருந்து எறியும் பந்தை முதல் பேஸில் நிற்பவர் பிடிக்கும் கோணத்தையும் இதுபோலவே காப்பாற்ற வேண்டும். வடிவமைப்புப் படத்தை உங்களிடம் காட்டினால், ஒவ்வோர் ஆட்டக்காரரும் நிற்கும் இடத்திலிருந்து எந்தக் கம்பம் கண்ணுக்கு நேரே வருகிறது என்று கேளுங்கள்.

உயரே போகும் பந்து தெரியுமா?

எல்.இ.டி. மாற்றத்தில் பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. உயரே அடித்த பந்து விளக்குக் கம்பத்தையும் தாண்டி மேலே போகும். பழைய விளக்கில் வீணாகச் சிதறிய ஒளி, வானத்தில் போகும் பந்தின் அடிப்பக்கத்தையும் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது. எல்.இ.டி. ஒளியைக் கத்தரித்ததுபோல் கீழே மட்டும் அனுப்பினால், பந்து அந்த ஒளியின் மேல் எல்லையைத் தாண்டியதும் கறுப்பு வானத்தில் மறைந்துவிடும். சில கணங்கள் கழித்து எதிர்பாராத இடத்திலிருந்து இறங்கும். கீழே ஓடுகிற ஆட்டக்காரருக்கு அது ஆபத்து.

அப்படியானால் ஒளியை மேலே விட வேண்டுமா? விட வேண்டும், கணக்காக. தாழ்வான இடத்தில் சில சிறு விளக்குகளைப் பொருத்தி, பந்து போகும் உயரத்துக்கு மட்டும் மெல்லிய ஒளியை மேல்நோக்கி அனுப்பும் முறை இருக்கிறது. பந்தைக் காட்ட அது போதும். முழு விளக்கையும் மேலே திருப்புவதற்கு அவசியமில்லை. திட்டத்தில் தரையளவு மட்டும் எழுதியிருந்து, மேலே போகும் பந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், அந்தத் திட்டம் வேறு விளையாட்டின் மைதானத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது என்று நீங்கள் சந்தேகிக்கலாம்.

பழைய கம்பத்திலேயே புது விளக்கைப் போடலாமா?

செலவைக் குறைக்க எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சில இடங்களில் போடலாம். ஆனால் கம்பத்தைச் சோதிக்காமல் போடக் கூடாது. எல்.இ.டி. விளக்கு எண்ணிக்கையில் குறைந்தாலும், ஒன்று ஒன்றாகப் பார்த்தால் எடை கூடுதலாக இருக்கலாம். காற்று மோதும் பரப்பும் மாறும். சூறாவளிக் காற்றில் அந்தச் சுமையைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரும்புக் கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில் துரு பிடித்திருக்கிறதா, மரக் கம்பம் உள்ளே உளுத்திருக்கிறதா, அடித்தளக் கான்கிரீட்டில் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

கம்பம் உறுதியாக இருந்தாலும் அது தவறான இடத்தில் நின்றால் புது விளக்கும் பழைய கூச்சத்தையே தரும். கம்பத்தை இப்போது நகர்த்தாவிட்டால் இன்னும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு யாரும் நகர்த்தப் போவதில்லை.

பழைய விளக்கின் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பை மட்டும் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கூடு வேறு வடிவ ஒளிக்காகச் செய்தது. வெளிச்சம் தாறுமாறாகச் சிதறும், வெப்பம் வெளியேற வழியில்லாமல் எல்.இ.டி.யும் சீக்கிரம் கெடும்.

புதுக் கம்பம் நடுவதாக இருந்து, அருகில் விமான நிலையம் இருந்தால் இன்னொரு வேலை உண்டு. 200 அடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டுமானத்தையும் அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஓடுபாதைக்கு அருகே என்றால் அதைவிடத் தாழ்ந்த கம்பத்துக்கும் இது பொருந்தும்.

மின்கட்டணம் உண்மையில் எவ்வளவு குறையும்?

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 120 பழைய விளக்குகள், ஒன்றுக்கு 1,600 வாட். மொத்தம் 192 கிலோவாட். அதற்குப் பதில் 70 எல்.இ.டி. விளக்குகள், ஒன்றுக்கு 1,200 வாட். மொத்தம் 84 கிலோவாட். மிச்சம் 108 கிலோவாட். ஆண்டுக்கு 300 மணி நேரம் எரிந்தால் 32,400 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 12 சென்ட் என்று வைத்தால் சுமார் 3,900 டாலர்.

இது போதாதே என்று தோன்றும். இன்னொரு வரியும் மின்கட்டணத்தில் உண்டு. பெரிய மின்பயனாளர்களிடம் உச்சத் தேவைக் கட்டணம் (அந்த மாதத்தில் ஒரு குறுகிய நேரத்துக்கு மிக அதிகமாக இழுத்த மின்சுமைக்கான கட்டணம்) என்றும் வாங்குவார்கள். மாதத்தில் ஒரே ஓர் இரவு ஆட்டம் நடந்தாலும் அன்றைய உச்சம்தான் கணக்கு. கிலோவாட்டுக்கு 10 டாலர் என்றால் மாதம் 1,080 டாலர் குறையும். ஐந்து மாதத்துக்கு 5,400. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 9,300 டாலர்.

ஆனால் மைதானத்துக்குத் தனி மீட்டர் இல்லாமல் கல்லூரி முழுவதும் ஒரே மீட்டரில் ஓடினால், வளாகத்தின் உச்சம் வேறு நேரத்தில் வரலாம். அப்போது இந்த 5,400 டாலர் மிச்சம் கிடைக்காது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மைதானத்தின் மீட்டர் எது என்பதுதான்.

இவ்வளவு சேர்த்தாலும், கம்பம் முதல் கம்பி வரை மாற்றும் திட்டத்துக்குப் பல லட்சம் டாலர் ஆகும். மின்கட்டண மிச்சத்தாலேயே செலவு திரும்பிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பல்பு மாற்றக் கிரேன் வாடகை மிச்சம், மின்நிறுவனம் தரும் தள்ளுபடி ஆகியவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அந்தத் தள்ளுபடிக்குப் பல மாநிலங்களில் விளக்கு டி.எல்.சி. (டிசைன்லைட்ஸ் கன்சார்டியம் என்ற அமைப்பு தகுதி பார்த்து வெளியிடும் பட்டியல்) பட்டியலில் இருக்க வேண்டும். விளக்கை வாங்கிய பிறகு பட்டியலைப் பார்த்துப் பயனில்லை.

எல்.இ.டி. எத்தனை ஆண்டு உழைக்கும்?

விளம்பரத்தில் 50,000 மணி நேரம், 1,00,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது எல்70 (ஒளி முதல் நாள் அளவில் 70 சதவீதமாகக் குறையும் வரையான நேரம்) என்ற கணக்கு. ஆண்டுக்கு 300 மணி எரியும் மைதானத்தில் 50,000 மணி என்றால் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேல். அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

உண்மையில் முதலில் கெடுவது டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி). மழைநீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையமும் காலப்போக்கில் தளரும். இடிமின்னலால் வரும் திடீர் மின்னழுத்தமும் சேதம் செய்யும். டிரைவரைக் கம்பத்தின் உச்சியில் வைக்காமல், கை எட்டும் உயரத்தில் பெட்டியில் வைத்தால் பழுது பார்ப்பது எளிது. உத்தரவாதத்தை மணிக்கணக்கில் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் வாங்குங்கள். பத்து ஆண்டு முதல் இருபத்தைந்து ஆண்டு வரை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பாகம் மட்டுமா, ஏறி மாற்றும் கூலியும் கிரேனும் சேர்த்தா என்பதையும் படித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் என்ன கேட்கலாம்?

உங்கள் அச்சம் நியாயமானது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு தொழில்முறை மைதானம். அங்கே 1988 வரை நிலையான இரவு விளக்கே கிடையாது. சுற்றுப்புறத்தாரின் எதிர்ப்பு அதற்கு ஒரு பெரிய காரணம். விளக்கு வந்த பிறகும் பருவத்துக்கு 18 இரவு ஆட்டங்கள்தான் என்று நகரம் எல்லை வைத்தது. கேட்டால் நடக்கும் என்பதற்கு அதுவே சான்று.

நல்ல எல்.இ.டி. திட்டம் உங்கள் சன்னலுக்கு வரும் ஒளியை இப்போது உள்ளதைவிடக் குறைக்கும். மோசமான திட்டம் கூட்டும். வித்தியாசம் தெரிய, வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டு எல்லையில் வெளிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அதே இடத்தில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு நகராட்சி விதிக்குள் இருக்க வேண்டும். விளக்குக்கு மறைப்புத் தகடு (ஒளி பின்பக்கம் போகாமல் தடுக்கும் உலோகத் தட்டு) போட முடியும்.

நிறத்தையும் கேளுங்கள். மைதான விளக்குகள் பெரும்பாலும் 5,000 முதல் 5,700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு. எண் கூடக் கூட நீலம் கூடும்) வரை இருக்கும். நீலம் கலந்த ஒளி வானத்தில் அதிகம் சிதறும். பூச்சிகளையும் அதிகம் ஈர்க்கும். அரிசோனாவில் 1988-இல் தொடங்கி, இரவு வானத்தைக் காக்கப் பாடுபடும் டார்க்ஸ்கை அமைப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராத மைதான விளக்கமைப்புக்குத் தனிச் சான்றிதழே வைத்திருக்கிறது. உங்கள் கல்லூரி அந்த அளவுகோலைப் பின்பற்றுமா என்று பொதுக் கூட்டத்தில் கேட்கலாம்.

நேரக் கட்டுப்பாட்டையும் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக்குப் பாதி ஒளி போதும், ஆட்டத்துக்கு மட்டும் முழு ஒளி, ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் வரை மெல்லிய ஒளி, பிறகு தானாகவே அணைய வேண்டும். எல்.இ.டி.யில் இதற்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. பழைய விளக்கில் ஒளியைக் குறைப்பது கடினம், எல்.இ.டி.யில் எளிது.

பார்க்க வருபவருக்கு என்ன மாறும்?

பந்து தெளிவாகத் தெரியும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு மாற்றம் இன்னும் பெரிது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. பழைய விளக்கு அதன் இரு மடங்காக, விநாடிக்கு 120 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சியில் படம் துடிப்பதாகத் தெரியும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.யில் அது அனேகமாக மறைந்துவிடும். மலிவான டிரைவரில் அப்படியே இருக்கும். ஆகவே மினுக்கல் அளவும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்ததும் விளக்குகள் அணைந்து அணைந்து எரியும் கொண்டாட்டமும் இப்போது பரவியிருக்கிறது. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், முன்னறிவிப்பு தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.

மின்சாரம் போனால் படிக்கட்டும் வெளிவாசலும் இருட்டாகக் கூடாது. அவசர விளக்குகளுக்குத் தனி ஜெனரேட்டரோ பேட்டரியோ உண்டா என்பதும் இந்தத் திட்டத்தோடு பார்க்க வேண்டியதே.

வேலை எப்போது நடக்கும்?

ஜூனில் பருவம் முடிந்ததும் தொடங்கி, இலையுதிர்காலப் பயிற்சிக்கு முன் முடிப்பதுதான் வழக்கம். கோடை இரண்டு மூன்று மாதம்தான். விளக்கும் கம்பமும் வந்து சேரவே மாதங்கள் ஆகலாம். அதனால் முடிவு முந்தைய குளிர்காலத்திலேயே எடுக்கப்பட வேண்டும். கிரேன் புல்வெளியில் ஏறினால் கீழே உள்ள தண்ணீர்க் குழாய்கள் நொறுங்கும். பாதுகாப்புப் பலகை விரிப்பதும், சேதமானால் சரிசெய்வதும் யார் பொறுப்பு என்று முன்பே எழுத வேண்டும்.

இறக்கிய பல்புகளில் பாதரசம் இருக்கிறது. அவற்றைக் குப்பையோடு போடக் கூடாது, தனியாகச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். 1979-க்கு முந்தைய சோக்குகளில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அதற்கு இன்னும் கடுமையான விதிகள் உண்டு.

பணம் யாருடையது?

நன்கொடையாளர் தரலாம், மாநில நிதி வரலாம், மாணவர் கட்டும் விளையாட்டுக் கட்டணத்திலிருந்தும் எடுக்கலாம். உங்கள் பிள்ளையின் கட்டண ரசீதில் அப்படி ஒரு வரி இருந்தால், திட்ட ஆவணத்தைக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் டெண்டர் விவரங்கள் பெரும்பாலும் பொது ஆவணம்.

கேட்கும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு அளவு எவ்வளவு? சமச்சீர் விகிதம் என்ன? எந்தக் கம்பம் யார் கண்ணுக்கு நேரே வருகிறது? உயரே போகும் பந்துக்கு என்ன ஏற்பாடு? பழைய கம்பத்தைப் பொறியாளர் சோதித்தாரா? வீட்டு எல்லையில் எவ்வளவு ஒளி விழும், யார் அளப்பார்கள்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கூலியும் சேர்த்தா? எந்த மீட்டரில் மிச்சம் வரும்?

இந்த எட்டுக்கும் எண்ணோடு பதில் சொல்லும் கல்லூரி நல்ல திட்டம் வைத்திருக்கிறது. வெளிச்சம் கூடும் என்று மட்டும் சொல்லும் கல்லூரி இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்தாகும் வரை ஒரு கம்பத்தை நகர்த்த வரைபடத்தில் ஒரு கோடு போதும். கான்கிரீட் ஊற்றிய பிறகு அதே கம்பத்தை நகர்த்தப் பெரும்பணம் வேண்டும், பெரும்பாலும் யாரும் நகர்த்த மாட்டார்கள். பொதுக் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தால் தவறாமல் போங்கள்.